வியர்வையை நிறுத்துப் பார்த்தவர்கள்

பள்ளிக்கூடத்து மைதானங்களில் டிரில் வாத்தியார் வாயிலாகவும் மூத்த ஆட்டக்காரர் வாயிலாகவும் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் உபதேசங்கள் அநேகம். ஓடுகிற பையன் நடுவில் தண்ணீர் குடித்தால் வயிறு பிடித்துக்கொள்ளும் என்பார்கள். பந்தயத்துக்கு முந்தின இரவு வயிறு முட்டச் சாப்பிட்டால் கால் கனத்துப் போகும் என்று ஒருவர் சொன்னால், சாப்பிடாமல் போனால் பாதி வழியில் சுருண்டு விழுவாய் என்று மற்றொருவர் சொல்வார். கணுக்கால் பிசகினால் எண்ணெய் போட்டு உருவிவிட்டு மறுநாளே ஆடச் சொல்வோரும் உண்டு, மாதக்கணக்கில் கட்டுப் போட்டுக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்போரும் உண்டு. இவற்றில் எது மெய், எது வெறும் வழக்கம் என்று தீர்மானிக்க அனுபவம் மட்டும் போதாது. ஏனெனில் இரு கட்சிக்காரரும் அனுபவத்தையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். அந்த வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, தராசையும் கடிகாரத்தையும் ரத்தப் பரிசோதனையையும் கொண்டு விசாரித்துத் தீர்ப்பளிக்கும் பொறுப்பைக் கடந்த நூறு ஆண்டுகளாக ஏற்று நடத்திவரும் சாஸ்திரமே தேகப்பயிற்சி விஞ்ஞானம். விளையாட்டு வீரருக்கு நேரும் காயங்களைத் தடுப்பதும் தேற்றுவதும், உழைக்கும் சரீரம் எவ்விதம் இயங்குகிறது என்று அறிவதும், அந்த உழைப்புக்கேற்ற ஆகாரத்தை வகுப்பதும் இன்று கல்லூரிகளில் மூன்று தனிப் பாடங்களாகப் போதிக்கப்பட்டாலும், மூன்றும் ஒரே உடம்பைப் பற்றிய கேள்விகள்தாம்.

இந்தச் சாஸ்திரத்தின் சரித்திரத்தைப் படிப்பவருக்கு ஒரு விசேஷம் கண்ணில் படாமல் போகாது. இதன் பெரிய கண்டுபிடிப்புகள் பலவற்றில், கேள்வியை எழுப்பியவராகவோ, கருவியைப் பிடித்தவராகவோ, தம் தேகத்தையே பரிசோதனைக்குக் கொடுத்தவராகவோ, மாணவப் பருவத்தினர் யாராவது ஒருவர் இருந்திருக்கிறார். மாணவர் செய்யும் ஆராய்ச்சி என்றாலே பட்டம் வாங்குவதற்காக ஒப்பேற்றும் சம்பிரதாயம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணம் சரியன்று என்பதை எடுத்துக் காட்டவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

1921ஆம் ஆண்டுக் கோடையில், கனடா நாட்டின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் பாண்டிங் என்ற இளம் வைத்தியர் நீரிழிவுக்கு மருந்து தேடும் முயற்சியில் இறங்கியபோது, அவருக்கு உதவியாக வாய்த்தவர், அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்த சார்லஸ் பெஸ்ட் என்ற 22 வயது மாணவர். நாய்களின் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று ஓயாமல் அளந்து குறிப்பது அவருடைய வேலை. இன்சுலின் பிறந்த கதையை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அந்த மருந்து ஓட்டக்காரர்களின் களைப்பைப் பற்றியும் ஒரு ரகசியத்தைத் திறந்துவிட்டது என்பதை அறிந்தவர் சிலரே. இன்சுலின் அளவு மீறிப் போனால், ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி, நோயாளி வெளிறி, வியர்த்து, நடுங்கி, நினைவு தடுமாறுகிறார் என்பதை வைத்தியர்கள் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. 1924இல் பாஸ்டன் மாரத்தான் பந்தயத்தை ஓடி முடித்தவர்களின் ரத்தத்தைச் சோதித்த சாமுவேல் லெவினும் அவருடைய சகாக்களும், மிகவும் சோர்ந்து வந்து சேர்ந்தவர்களிடம் அதே அடையாளங்களையும், அதேபோல இறங்கிப்போன சர்க்கரையையும் கண்டு வியந்தார்கள். மறுவருஷப் பந்தயத்துக்கு முன்பு ஓட்டக்காரர் சிலருக்கு மாவுச்சத்து மிகுந்த ஆகாரம் கொடுத்து, ஓடும் வழியில் மிட்டாயும் தின்னச் சொன்னபோது, அவர்கள் முந்தின வருஷத்தைவிடத் தெளிவான நிலையில் வந்து சேர்ந்தார்கள். களைப்பு என்பது மன உறுதியின் குறைவு என்று எண்ணியிருந்த காலத்தில், அதன் ஒரு பகுதியாவது சோதனைக்குழாயில் அளக்கக் கூடியது என்று தெரிந்தது எவ்வளவு பெரிய விடுதலை!

ஆனால் ரத்தத்தில் ஓடும் சர்க்கரை மொத்தச் சேமிப்பில் சொற்பமே. உழைப்புக்கு வேண்டிய மாவுச்சத்தின் பெரும்பகுதி கிளைக்கோஜன் என்ற ரூபத்தில் தசைகளுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. அதை எட்டிப் பார்த்த பெருமை ஸ்வீடன் தேசத்துத் தலைநகரான ஸ்டாக்ஹோமைச் சேரும்.

அந்நகரில், தேகப்பயிற்சி ஆசிரியர்களைத் தயார் செய்வதற்காக, 1813ஆம் ஆண்டிலேயே பேர் ஹென்ரிக் லிங் என்பவர் ஒரு கலாசாலையை நிறுவியிருந்தார். 1941இல் அங்கே சரீர சாஸ்திரப் பேராசிரியராக டென்மார்க்கிலிருந்து வந்து சேர்ந்த எரிக் ஹோவு கிறிஸ்டென்சென், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், கொழுப்பு மிகுந்த ஆகாரம் உண்டவர்களைவிட மாவுச்சத்து மிகுந்த ஆகாரம் உண்டவர்கள் இரண்டு மடங்குக்கும் அதிகமான நேரம் உழைக்க வல்லவர்கள் என்று தம் சகாவுடன் சேர்ந்து நிரூபித்திருந்தார். அவரிடம் வந்து சேர்ந்த மாணவர் பேர்-ஓலோஃப் ஆஸ்ட்ராண்ட். உடற்பயிற்சி ஆசிரியராவதற்காகப் படித்துத் தேறிய அவர், ஆசிரியர் வேலைக்குப் போகாமல் கிறிஸ்டென்சென்னின் ஆராய்ச்சிசாலையிலேயே தங்கிவிட்டார். 1952இல் அவர் சமர்ப்பித்த ஆராய்ச்சி நூல், 4 வயதுக் குழந்தை முதல் 33 வயது வரையிலான ஆண் பெண் இருபாலாரில் இருநூறுக்கு மேற்பட்டவர்களை ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் விட்டு, ஒவ்வொருவரும் உச்ச நிலையில் எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்துகிறார்கள் என்று அளந்து தொகுத்த கணக்கு.

அந்த அளவை எப்படி எடுத்தார்கள் என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. மூக்கைக் கவ்வும் ஒரு கிளிப்பை மாட்டி, வாயில் ரப்பர் குழல் ஒன்றைக் கடிக்கச் செய்வார்கள். உள்ளே இழுப்பது சுத்தமான காற்று. வெளியே விடுவதோ ஒரு வால்வின் வழியாகத் திரும்பி, பக்கத்தில் தொங்கும் பெரிய பைக்குள் போய்ச் சேரும். காலடியில் ஓடுகிற நாடாவின் வேகம் கூடக் கூட, அல்லது சைக்கிள் சக்கரத்தின் மேல் தடை கூடக் கூட, பை உப்பிக்கொண்டே வரும். பிறகு பையிலுள்ள காற்றின் கன அளவைக் கணித்து, அதில் பிராணவாயு எவ்வளவு குறைந்திருக்கிறது, கரியமில வாயு எவ்வளவு கூடியிருக்கிறது என்று சோதித்தால், அந்தத் தேகம் ஒரு நிமிஷத்தில் எவ்வளவு எரிபொருளை எரித்தது என்பதும், எரிந்ததில் கொழுப்பு எத்தனை பங்கு, மாவுச்சத்து எத்தனை பங்கு என்பதும் தெரிந்துவிடும். உழைப்பைக் கூட்டியும் பிராணவாயுவின் அளவு மேலே ஏறாமல் நின்றுவிடும் நிலை ஒன்று ஒவ்வொருவருக்கும் உண்டு. அதுவே அவருடைய எல்லை. இந்த எல்லையைப் பற்றிய கருத்தை 1920களில் இங்கிலாந்து தேசத்து ஏ. வி. ஹில், தாமே முதுகில் பையைக் கட்டிக்கொண்டு ஓடி ஆராய்ந்து வகுத்திருந்தார். ஆஸ்ட்ராண்ட் அதைக் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் விரித்தார். 1928ஆம் வருஷத்து ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியதைக் கண்டு, அவ்வளவு தூரம் அவர்கள் உடம்புக்கு ஆகாது என்று முடிவு கட்டி, 1960 வரை அந்தப் பந்தயத்தையே விலக்கி வைத்திருந்த காலத்தில், பருவம் எய்தும் முன்பு சிறுவர் சிறுமியரின் திறனில் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஓர் இளைஞர் அளந்து காட்டியது சாமானியக் காரியமன்று. 1954இல் அவரும் இர்மா ரிமிங் என்ற பெண்மணியும் சேர்ந்து, ஆறு நிமிஷம் சைக்கிள் மிதித்தபின் நாடித் துடிப்பை எண்ணியே அந்த எல்லையை ஏறக்குறைய மதிப்பிடும் வரைபடம் ஒன்றை வெளியிட்டார்கள். பையும் குழலும் இல்லாத ஏழைக் கல்லூரிகளுக்கும் அன்று முதல் இந்த ஆராய்ச்சியின் வாசல் திறந்தது.

இனித் தசைக்குள் எட்டிப் பார்த்த கதைக்கு வருவோம். யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் என்ற வைத்தியர் 1960களின் தொடக்கத்தில், தொடைத் தசையிலிருந்து சிறு துணுக்கை எடுக்கும் தடித்த ஊசி ஒன்றைச் செப்பனிட்டு உபயோகத்துக்குக் கொண்டுவந்தார். 1966இல் அவரும் எரிக் ஹுல்ட்மன் என்ற மற்றொரு வைத்தியரும் செய்த சோதனையைப் போல எளிமையும் நுட்பமும் கூடிய சோதனை இத்துறையில் வேறொன்று உண்டா என்பது எனக்குச் சந்தேகம். ஒரே சைக்கிளின் இரு பக்கங்களிலும் இருவரும் எதிரெதிராக அமர்ந்துகொண்டு, ஒருவர் இடக்காலாலும் மற்றவர் வலக்காலாலும், அந்தக் கால் அடியோடு ஓயும் வரை மிதித்தார்கள். மற்றொரு கால் சும்மா இருந்தது. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த ஆகாரத்தையே உண்டு, இரண்டு கால்களிலிருந்தும் துணுக்குகளை எடுத்துச் சோதித்தார்கள். உண்ட உணவு ஒன்று, ஓடிய ரத்தம் ஒன்று; ஆனாலும் உழைத்த காலில் கிளைக்கோஜன் சும்மா இருந்த காலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்ந்திருந்தது. ஆகையால் சேமிப்பைக் கூட்டும் சக்தி உழைத்த தசைக்குள்ளேயே இருக்கிறது என்பது ஐயமற விளங்கிற்று. ஒரே மனிதனின் இரு கால்களை ஒன்றுக்கொன்று சாட்சியாக நிறுத்திய இந்த யோசனைக்குப் பெரிய பணம் வேண்டியிருக்கவில்லை. தெளிந்த புத்திதான் வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டே இவர்களோடு லார்ஸ் ஹெர்மன்சென், பெங்ட் சால்டின் என்ற இரண்டு இளம் ஆராய்ச்சியாளரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரே ஆட்களுக்கு மூன்று வகை ஆகாரத்தை வெவ்வேறு நாட்களில் கொடுத்து, ஒரே கடுமையில், இனி முடியாது என்னும் வரை சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். கொழுப்பும் புரதமும் மட்டும் உண்டபோது சராசரி 57 நிமிஷம். வழக்கமான கலப்பு உணவில் 114 நிமிஷம். மாவுச்சத்து மிகுந்த உணவில் 167 நிமிஷம். தேகம் அதேதான், பயிற்சியும் அதேதான். தட்டில் இருந்தது மாறியதும் ஒரு மணி நேரம் மூன்று மணி நேரத்தை நெருங்கிற்று. நீண்ட தூர ஓட்டக்காரர்கள் பந்தயத்துக்கு முன்னிரவில் சோறும் ரொட்டியும் நிறைய உண்ணும் வழக்கத்துக்கு இந்த மூன்று எண்களே ஆதாரம். வயிறு முட்டச் சாப்பிட்டால் கால் கனக்கும் என்ற வாத்தியார் முழுவதும் தவறாகச் சொல்லிவிடவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: கிளைக்கோஜன் தன்னோடு தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைப்பதால் எடை கொஞ்சம் கூடத்தான் செய்யும். நீண்ட ஓட்டத்துக்கு அது லாபம். நூறு மீட்டர் ஓடுகிறவனுக்கு அதனால் பயனில்லை.

உணவுக்கு இவ்வளவு என்றால் தண்ணீருக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1965ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஃபிளாரிடா பல்கலைக்கழகத்தில், அமெரிக்க முறைக் கால்பந்தாட்ட அணியின் உதவிப் பயிற்சியாளரான டுவெய்ன் டக்ளஸ் வைத்தியர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். கொளுத்தும் வெயிலில் ஆடிவிட்டு வரும் பையன்கள் ஏன் சிறுநீர் கழிப்பதே இல்லை? கேட்கக் கூச்சப்படக்கூடிய கேள்வி. ஆனால் சிறுநீரக நிபுணரான ராபர்ட் கேடும் அவரிடம் பயின்றுவந்த இளம் வைத்தியர்களும் அதை அலட்சியம் செய்யவில்லை. பெரிய அணியின் ஆட்டக்காரர்களைத் தொட அனுமதி கிடைக்காததால், முதலாண்டு மாணவர் பத்துப் பேரைச் சோதித்தார்கள். வியர்வையாகப் போன தண்ணீருக்கும் உப்புக்கும் ஈடு இல்லாமல் ரத்தத்தின் கன அளவு குறைந்திருந்தது, சர்க்கரையும் தாழ்ந்திருந்தது, ஓர் ஆட்டத்தில் 8 கிலோ வரை எடை இழந்தவர்களும் இருந்தார்கள். தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் கலந்து ஒரு பானம் செய்தார்கள். வாயில் வைக்க முடியாத அதன் சுவையை, எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்லித் திருத்தியவர் கேடின் மனைவி மேரி. இன்று உலகம் முழுவதும் கடைகளில் விற்கும் கேட்டரேட் என்ற பானம் பிறந்த வகை இது.

உப்போடு சர்க்கரை எதற்கு என்று கேட்கலாம். குடலின் சுவரைக் கடக்கும்போது சர்க்கரையும் சோடியமும் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு போகின்றன, அவற்றின் பின்னால் தண்ணீரும் போகிறது என்று 1960இல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி விளக்கியிருந்தார். அதே தத்துவத்தைக் கொண்டு, 1971இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் நகரில், வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனோபிஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில் சாவைச் சுமார் 3.6 ஆகக் குறைத்தார். மைதானத்தில் ஆடும் திடகாத்திரமான வாலிபனுக்கும் முகாமில் கிடக்கும் குழந்தைக்கும் குடல் ஒரே விதமாகத்தான் வேலை செய்கிறது.

ஃபிளாரிடாவில் அந்தப் பானத்தைக் குடித்த முதலாண்டு மாணவர்கள், முற்பாதியில் பின்தங்கி, பிற்பாதியில் தங்கள் மூத்தவர்களை முந்தினார்கள் என்பது புகழ்பெற்ற சம்பவம். ஆயினும் அதை நிரூபணமாக ஏற்க விஞ்ஞானம் சம்மதிக்காது. புதிய மருந்து தமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற உற்சாகமே ஒரு பையனை வேகமாக ஓட வைக்கும். எனவே உண்மையான பானத்தையும், சுவையிலும் நிறத்திலும் அதைப் போன்ற வெறும் பானத்தையும், எது எதுவென்று குடிப்பவருக்கும் தெரியாமல், கூடுமானால் கொடுப்பவருக்கும் தெரியாமல், கொடுத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டின் மகிமையைக் காட்ட, இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கார்ட்டர் என்ற ஆராய்ச்சி மாணவர் தம் ஆசிரியர்களோடு செய்து 2004இல் வெளியிட்ட வேலையை விடச் சிறந்த உதாரணம் இல்லை. ஒரு மணி நேரச் சைக்கிள் பந்தயத்தில் சர்க்கரைப் பானம் உதவுகிறது என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் அவ்வளவு குறுகிய நேரத்தில் தசையின் சேமிப்பு தீர்ந்துபோவதில்லையே, பின் எப்படி உதவுகிறது என்பதே புதிர். குளுக்கோஸை நேரே ரத்தக் குழாயில் ஏற்றிப் பார்த்தார்கள், பலன் ஒன்றுமில்லை. பிறகு 9 சைக்கிள் வீரர்களை, ஏறக்குறையச் சுவையற்ற மாவுச்சத்துக் கரைசலை ஒருமுறையும் வெறும் தண்ணீரை ஒருமுறையும், விழுங்காமல் வாயில் சில விநாடி கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். துப்பிய பானத்தால் அவர்களுடைய நேரம் ஏறக்குறைய 3 சதவீதம் குறைந்தது! வயிற்றுக்குள் ஒரு துளியும் போகவில்லை. ஆனாலும் வாய் ஆகாரத்தின் வருகையை மூளைக்கு அறிவித்துவிட, மூளை தேகத்தை மேலும் உழைக்க அனுமதித்தது. 2009இல் அதே பல்கலைக்கழகத்தார் மூளையைப் படமெடுத்து, அத்தகைய கொப்பளிப்பால் அதன் சில பகுதிகள் கிளர்ச்சியடைவதையும் காட்டினார்கள்.

ஒரு காலத்தில் தண்ணீரே கூடாது என்ற உபதேசம், பிற்காலத்தில் குடிக்க முடிந்த மட்டும் குடி என்று மறுகோடிக்குப் போயிற்று. அதன் அபாயத்தையும் அளந்து பார்த்தே அறிந்தார்கள். 2002ஆம் வருஷத்துப் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில், நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் அபாயகரமாகத் தாழத் தொடங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களே அதற்கு அதிகமாக ஆளானார்கள். அவர்கள் இழந்ததை விட அதிகமாகக் குடித்திருந்தார்கள்.

சால்டினைப் பற்றி இன்னும் ஒரு செய்தி சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரத்து வைத்தியக் கலாசாலையில், சுமார் 20 வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான வாலிபர்களை மூன்று வாரம் படுக்கையை விட்டு எழாமல் படுத்திருக்கச் செய்து, அதன்பின் எட்டு வாரம் கடும் பயிற்சி கொடுத்த புகழ்பெற்ற ஆராய்ச்சியில் அவர் முன்னின்றார். மூன்றே வாரப் படுக்கையில் அவர்களுடைய உச்சப் பிராணவாயு அளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. பயிற்சி அதை மீட்டுத் தந்தது. மாரடைப்பு கண்டவர்களை வாரக்கணக்கில் அசையாமல் கிடத்தியிருந்த அக்கால வைத்திய முறையை மறுபரிசீலனை செய்ய இந்த முடிவும் ஒரு காரணமாயிற்று. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1996இல் அதே ஐந்து பேரையும் தேடி அழைத்துச் சோதித்தார்கள். தலை நரைத்து, எடை கூடி, ஐம்பதைத் தொட்டிருந்த அவர்கள் முப்பது ஆண்டு மூப்பினால் இழந்திருந்த திறன், இருபது வயதில் மூன்று வாரப் படுக்கையால் இழந்ததைவிடக் குறைவு! ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி செய்ததும் அவர்கள் 1966ஆம் ஆண்டின் ஆரம்ப நிலையைத் திரும்ப எட்டினார்கள். ஐந்தே பேர் என்று இதைத் தள்ளிவிட யாருக்கும் தோன்றவில்லை, ஏனெனில் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே அளவுகோலாக நின்றார்கள்.

காயங்களின் விஷயத்தில் இவ்வளவு பிரமாதமான நாடகம் இல்லை. ஆனால் மாணவர்களுக்கு ஏற்ற வேலை அங்கேதான் மிகுதி. கணுக்கால் ஒருமுறை சுளுக்கியவனுக்கு அதே கால் திரும்பத் திரும்பப் பிசகுவது ஏன்? நரம்புகளிலிருந்து வரும் நிலை உணர்ச்சி மழுங்கிப்போவதே காரணம் என்று 1965இல் பிரிட்டிஷ் அறுவை நிபுணர் மைக்கேல் ஃப்ரீமன் எடுத்துக் கூறி, ஆடும் பலகையின் மேல் நின்று சமநிலை பழகுவதைச் சிகிச்சையாகச் சொன்னார். அந்தச் சமநிலையை அளக்க இன்று வழங்கும் ஒரு முறைக்குத் தரையில் நட்சத்திரம்போல ஒட்டிய நாடாக்களே போதும். நடுவில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் கால் விரலால் ஒவ்வொரு கோட்டிலும் எட்டுமட்டும் தொட வேண்டும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துப் பள்ளிக்கூடங்களில் கூடைப்பந்து ஆடும் 235 மாணவ மாணவியரை இவ்விதம் அளந்து, பருவம் முழுவதும் கவனித்து 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முன்புறம் எட்டுவதில் இரு கால்களுக்கும் 4 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் உள்ளவர்களுக்குக் காலில் காயம் படும் வாய்ப்பு இரண்டரை மடங்கு என்று தெரிந்தது. எதிர்பார்த்தது பொய்த்துப் போவதும் உண்டு. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரில் ஒரு பாதியினரை மட்டும் பயிற்சிக்கு முன் தசைகளை நீட்டி இழுக்கச் சொல்லி, 12 வாரம் பார்த்து, அதனால் காயங்கள் குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறையவில்லை என்று 2000இல் வெளியிட்டார்கள். இம்மாதிரி முடிவுகளை மாணவர்கள் தோல்வியாக எண்ணி மறைத்துவிடுகிறார்கள்; அது அறிவுக்குச் செய்யும் துரோகம் என்றே நான் கருதுகிறேன்.

மற்றொரு தர்ம சங்கடமும் உண்டு. ஆசிரியர் தம் சொந்த வகுப்பு மாணவர்களையே பரிசோதனைக்கு அழைத்தால், மதிப்பெண் போடுகிற கையை மறுக்க எந்த மாணவனுக்குத் துணிவு வரும்? மனிதரைக் கொண்டு செய்யும் ஆராய்ச்சிக்கு உலக வைத்தியச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கியில் வகுத்த நெறியின்படி, விஷயம் முழுவதையும் அறிந்து, விருப்பத்தோடு சம்மதிப்பதும், எந்த நேரத்திலும் விலகிக்கொள்வதும் பரிசோதனைக்கு உட்படுபவருடைய உரிமை. சிறுவர்களானால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். ஊசி, ரத்தம், மாத்திரை, புரதப் பொடி இவற்றைத் தொடும் எந்த ஆராய்ச்சியையும் நெறிமுறைக் குழுவின் அனுமதியில்லாமல் ஒரு மாணவர் தொடங்கக் கூடாது. பொடியை விற்கும் கம்பெனியே செலவை ஏற்றுக்கொண்டால், அதை ஒளிக்காமல் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

நம் நாட்டுக்கு இந்தத் துறை புதிதன்று. ஆசியாவிலேயே முதலாவதான உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் சென்னையில் வொய்.எம்.சி.ஏ. சார்பில் தொடங்கினார். அதற்கும் முன்பே, 1918இல், குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் ஆரம்பித்த போஷாக்கு ஆராய்ச்சி, பல பிரதேசத்து ஆகாரங்களை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்து, கோதுமை ரொட்டியும் பாலும் கீரையும் கொண்ட சீக்கியர் உணவில் அவை செழித்ததையும், சென்னை மாகாணத்து அரிசி உணவில் மிகவும் குன்றியதையும் கண்டு சொல்லிற்று. அந்த நிலையமே பின்னர் ஹைதராபாத்துக்கு மாறித் தேசிய ஊட்டச்சத்து நிலையமாக விளங்குகிறது. உடற்கல்விக்கென்றே தனிப் பல்கலைக்கழகமும் இன்று சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், நம்முடைய வெயிலில், நம்முடைய சோற்றையும் கூழையும் உண்டு, வெறுங்காலோடு மண் தரையில் கபடி ஆடும் பிள்ளைகளைப் பற்றி நாம் சொல்லும் புத்திமதிகளுக்கு ஸ்டாக்ஹோமிலும் ஃபிளாரிடாவிலும் எடுத்த அளவுகளையே இன்னமும் பெரிதும் நம்ப வேண்டியிருப்பது எனக்கு உவப்பாக இல்லை. அந்த அளவுகள் மெய்யானவையே. ஆனால் சித்திரை மாதத்துச் சென்னையின் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் ஓடுகிற பதினாறு வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு வியர்க்கிறது என்பதை இங்கேதான் அளக்க முடியும்.

அதற்கு வேண்டியது ஒரு நல்ல தராசும் ஒரு நோட்டுப் புத்தகமுமே. பயிற்சிக்கு முன், சிறுநீர் கழித்துவிட்டு, லேசான உடையில் நிறுத்துக் குறிக்க வேண்டும். ஒரு பையன் 52 கிலோ இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் ஆடியபின், வியர்வையைத் துடைத்துவிட்டு, அதே உடையில் மறுபடியும் நிறுத்தால் 51.2 கிலோ. இடையில் அரை லிட்டர் தண்ணீர் குடித்திருந்தான், சிறுநீர் கழிக்கவில்லை. ஆக அவன் தேகம் அந்த ஒரு மணியில் விட்ட வியர்வை சுமார் 1.3 லிட்டர், எடையில் குறைந்தது ஒன்றரைச் சதவீதம். இரண்டு சதவீதத்தைத் தாண்டினால், வெயிலில் நீடித்து ஆடும் திறன் குன்றத் தொடங்கும். எடை கூடியிருந்தால் அளவு மீறிக் குடித்திருக்கிறான் என்று பொருள். அன்றைய வெப்பம், காற்றின் ஈரப்பதம், ஆடிய ஆட்டம், உடுத்திய துணி இவற்றையும் பக்கத்தில் எழுதி, ஒரே நாளோடு விடாமல், பருவம் முழுவதும் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தொடர்ந்து எழுதிவந்தால், அது எந்தப் பல்கலைக்கழகத்திலும் தலைநிமிர்ந்து சமர்ப்பிக்கத்தக்க ஆராய்ச்சியாகும்.

உடற்கல்வி, ஊட்டச்சத்து, இயன்முறை மருத்துவம் பயிலும் மாணவ மாணவியரை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இந்தக் கோடையில், ஆட்டக்காரர்களின் சம்மதத்தையும் உங்கள் கல்லூரியின் அனுமதியையும் பெற்று, இந்தக் கணக்கைத் தொடங்குங்கள், பெண்கள் அணியை விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள், கிடைத்த முடிவு எதுவாயினும், அதை அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பயிற்சியாளருக்கும் புரிகிற தமிழில் முதலில் எழுதிக் கொடுங்கள்.